சாப்பல் மார்ஷ் வார்டில் பெனடிக்ற் நின்ற தேர்தல்

கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவை ஒட்டிக் கிடக்கும் சாப்பல் மார்ஷ் வார்டில் தேர்தல் வருகிறதென்றால் அது முதலில் பெனடிக்ற்றின் முழங்காலுக்குத்தான் தெரியும். லிஃப்ட் இல்லாத மாடிக் கட்டடங்கள் நிறைந்த வார்ட் அது. இருபது வருடத்துக்கும் மேலாக அந்தப் படிகளில் ஏறி இறங்கி, கடிதம் போடும் கதவுத் துவாரங்களில் கட்சியின் துண்டுப் பிரசுரங்களைத் திணித்து வந்தவர் அவர். உள்ளே நாய் உறுமினால் விரலை வெடுக்கென்று இழுக்கத் தெரிய வேண்டும். ஒருமுறை பிந்திவிட்டார். வலது சுட்டுவிரலில் இருக்கும் தழும்பைக் காட்டி, அது எந்தத் தேர்தலில் கடிபட்டது, யார் வீட்டு நாய், அந்த வீட்டுக்காரர் பிறகு யாருக்கு வாக்குப் போட்டார் என்பது வரை சொல்லுவார். கேட்க ஆள் இருந்தால்.

யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்து, தொண்ணூற்றொன்றில் லண்டன் வந்து, பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட் செய்து, பிறகு சிவப்பு பஸ் ஓட்டி, முழங்கால் விட்டுக்கொடுத்ததும் ஓய்வெடுத்த சாதாரண மனிதர்தான். அரசியல் அவரைத் தேடி வந்தது குளியலறைச் சுவர் வழியாக. கவுன்சில் கொடுத்த வீட்டில் சுவர் முழுக்கப் பூஞ்சணம் பிடித்து, சின்ன மகள் இரவெல்லாம் இருமிக்கொண்டிருந்த காலத்தில், டெனிஸ் என்ற கவுன்சிலர் நேரில் வந்து பார்த்து, அடுத்த கிழமையே ஆட்களை அனுப்பினார். டெனிஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பெனடிக்ற் நன்றி சொல்லப் போனார். டெனிஸ் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்து, இந்த நாலு தெருவுக்கும் போட்டுவிட முடியுமா என்று கேட்டார். ஒரு சுவருக்காக மனிதர் ஆயுள் முழுக்க உழைத்தார் என்று மனைவி பியற்றிஸ் இப்போதும் சொல்லிக் காட்டுவார்.

அந்த வார்டின் தேர்தல் வரலாற்றை எழுதுவதென்றால் அரைப் பக்கம் போதும். கட்சி வென்றது, மறுபடியும் வென்றது, அதற்குப் பிறகும் வென்றது. வாக்காளர்கள்தான் மாறினார்கள். துறைமுகத்துக் குடும்பங்கள் வீட்டை விற்றுக்கொண்டு எசெக்ஸ் பக்கம் போயின. வங்காளிகள் வந்தார்கள், எங்கள் ஆட்கள் வந்தார்கள், லித்துவேனியர்கள் வந்தார்கள். இப்போது ஒரு அறைக்கு மூன்று பேராக வாடகைக்கு இருந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறுவதற்குள் வேறிடம் போய்விடும் இளம் பிள்ளைகள். யார் வந்தாலும் போனாலும் கட்சி வென்றது. வேட்பாளர்கள் பெனடிக்ற்றின் தோளில் கையைப் போட்டு, "பென், உங்கள் ஆட்களின் வாக்கு எப்படி?" என்று கேட்டார்கள். வென்ற பிறகு அவர்கள் கேட்டதாக நினைவில்லை.

தானும் ஒருமுறை நிற்கலாமே என்ற ஆசை அவருக்கு எப்போது வந்தது என்று தெரியாது. வந்துவிட்டது. முதல்முறை கேட்டபோது தொழிற்சங்கத்து ஆள் ஒருவருக்குக் கொடுத்தார்கள். அடுத்தமுறை வெளியூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவருக்கு. அதற்கடுத்தமுறை ஒரு சட்டத்தரணிக்கு. ஒவ்வொரு முறையும் "அடுத்த தடவை, பென்" என்றார்கள். அடுத்த தடவை என்பது லண்டனில் பஸ் வரும் நேரம் மாதிரித்தான், பலகையில் எப்போதும் இரண்டு நிமிடம் என்றே காட்டும்.

போன இலையுதிர் காலத்தில் கவுன்சிலர் ஒருவர் பதவியை விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் குடிபோனார். இடைத்தேர்தல் வந்தது. இந்தமுறை கட்சிக்குள் ஒருவரும் போட்டிக்கு வரவில்லை. கார் நிறுத்தும் பெர்மிற், வாடகை, தெருவில் அழுகும் குப்பை என்று சனம் கொதித்துப்போயிருந்தது. மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் சுயேச்சையாக இறங்கி, பெர்மிற் ஒன்றையே பேசி வீடுவீடாகப் போனார். தோற்கக்கூடிய தேர்தல் என்பதால்தான் தனக்குத் தந்தார்கள் என்பது பெனடிக்ற்றுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் கோட்டை எடுத்துத் தானே அயர்ன் பண்ணினார். அவருக்கு அது வேண்டும். துண்டுப் பிரசுரங்களில் மற்றவர்களின் சிரித்த முகங்களைச் சுமந்து அலுத்துவிட்டது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, தான் வெல்ல வேண்டும். அறுபத்துநாலு வயதில் இன்னொரு அடுத்த தடவை கிடையாது.

இங்கே தபால் வாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாக்குச்சீட்டோடு இன்னொரு தாளும் வரும். அதில் கையெழுத்தும் பிறந்த தேதியும் போட வேண்டும். கவுன்சில் வைத்திருக்கும் பதிவோடு அது பொருந்தாவிட்டால் வாக்கு எண்ணப்படாது. வெள்ளைக்காரருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை, ஒரு ஆளுக்கு ஒரு பிறந்தநாள். எங்களில் பலருக்கு இரண்டு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் கட்டிக்கொடுத்த பாஸ்போட்டில் இருந்த தேதியை, ஹீத்ரோவில் நடுங்கிக்கொண்டு ஒப்புவித்தது ஒன்று. தாய் பெற்றது மற்றது. ஒப்புவித்தது அப்படியே குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஒஃபிசில் ஒட்டி, பிறகு எல்லாக் காகிதத்திலும் ஒட்டிவிட்டது. பியற்றிஸுக்கு ஹோம் ஒஃபிஸ் வயது மூன்று கூட.

அதனால் தேர்தல் காலத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் பெனடிக்ற் மாதா கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லுவார்: "பாஸ்போட் தேதி. மறந்திடாதேங்கோ, பாஸ்போட் தேதி." வீட்டில் பியற்றிஸ் எழுதும்போதும் பக்கத்தில் நிற்பார். இந்தமுறை அவர் வேட்பாளர். பிரசாரம் செய்பவர்கள் பிறருடைய தபால் வாக்கைக் கையால் தொடக்கூடாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. வாயால் சொல்லத் தடையில்லைதான், ஆனாலும் பெனடிக்ற் ஒதுங்கிக்கொள்ள, கோயில் வாசலில் தேதி சொல்லும் வேலையை அவருடைய தேர்தல் ஏஜென்ட் ஜெஸ்ரின் எடுத்துக்கொண்டாள். அப்டன் பார்க்கில் கணக்காளராக இருக்கும் பிள்ளை, சட்டத்தை வரிவரியாகப் படித்தவள்.

"அங்கிள், சொந்த மனிசின்ர வோட்டெண்டால் பிரச்சினையில்லை. நீங்கள் பக்கத்தில நிக்கலாம்," என்றாள்.

"வேண்டாம் பிள்ளை. ஒருத்தரும் என்னைப் பாத்து ஒரு சொல் சொல்லக்கூடாது."

பியற்றிஸ் குசினி மேசையில் தபால் வாக்கை விரித்தபோது, பெனடிக்ற் குளிரில் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ, ஏன் உதில நிண்டு விறைக்கிறியள்? உள்ள வாங்கோ," என்று பியற்றிஸ் கூப்பிட்டார்.

"நீர் எழுதி முடிச்சிடும். ஒட்டினாப் பிறகு வாறன்."

பியற்றிஸ் தானே ஒட்டினார், தானே நடந்துபோய்ச் சிவப்புத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். அதற்கு முதல் சனிக்கிழமைதான் பியற்றிஸுக்கு அறுபதாவது பிறந்தநாள். தாய் பெற்ற தேதிப்படி. பங்கு மண்டபத்தில் றோல்ஸ், பற்றிஸ், கேக் என்று பிள்ளைகள் அமர்க்களப்படுத்திவிட்டார்கள்.

தேர்தல் நாளன்று மழை. சனம் வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, பட்மின்டன் ஆடும் மண்டபம் ஒன்றில் எண்ணினார்கள். பெனடிக்ற் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜெஸ்ரின் மேசைக்கு மேசை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தபால் வோட்டில கொஞ்சம் கழிஞ்சுபோச்சு அங்கிள். கையெழுத்து, தேதி பொருந்தேல்லையாம். ஒவ்வொருமுறையும் நடக்கிறதுதான்."

"எங்கட ஆக்களோ?"

"அது சொல்லமாட்டினம்."

முதல் எண்ணிக்கையில் இரண்டு பேருக்கும் சமம். திரும்ப எண்ணினார்கள், சமம். மூன்றாம் தரமும் எண்ணினார்கள். அப்படியே நின்றது. கட்சி கண்ணை மூடிக்கொண்டு வென்ற வார்டில், வாக்கு முதல்முறையாக நுனியில் நின்றது பெனடிக்ற்றின் முறையிலா? தேர்தல் அதிகாரி இருவரையும் கூப்பிட்டு, சட்டப்படி சீட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். இரண்டு துண்டுகளில் பெயர் எழுதி, மடித்து, வெறும் பெட்டி ஒன்றில் போட்டுக் குலுக்கினார்கள். அதிகாரி கையை விட்டு ஒன்றை எடுத்து விரித்தார். மினிகாப்காரரின் பெயர்.

அந்த மனிதர் கத்தவில்லை. வந்து பெனடிக்ற்றின் கையைப் பிடித்து, "சொறி, அண்ணை," என்றார். தமிழர் அல்லாதவர்; அந்த ‘அண்ணை’ எங்கள் ஆட்களிடம் வாக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்லாக இருக்க வேண்டும். அது பெனடிக்ற்றுக்குத் தோல்வியைவிடக் கூடுதலாகச் சுட்டது.

வீட்டுக்கு பஸ்ஸில் மேல்தட்டில் உட்கார்ந்து வந்தார். அழுகை வரவில்லை. களைப்புத்தான் வந்தது, எலும்புக்குள்ளே போகிற களைப்பு. ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. சனம் அவரைக் கைவிடவில்லை. பாதிப்பேர் அவருக்குப் போட்டிருக்கிறார்கள். தோற்கடித்தது ஒரு கடதாசித் துண்டு, மனிதர் இல்லை. அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

பியற்றிஸுக்குச் செய்தி முதலே போய்விட்டது. வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை என்பதால் மீன்குழம்பு. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கவலைப்படாதேங்கோ. கடவுளுக்கு உங்கட முழங்காலில இரக்கம் வந்திருக்கும்."

பெனடிக்ற் சிரிக்கப் பார்த்தார்.

"நான் உங்களுக்கு நேர்மையாத்தான் போட்டனான்," என்றார் பியற்றிஸ். "அண்டைக்கு அந்தத் தாளில பிறந்த தேதி எழுத வந்துது. பாஸ்போட் தேதி எண்டு ஜெஸ்ரினும் சொன்னவள், நீங்களும் எத்தினை வருசமாச் சொல்லுறியள். எனக்கு மனம் வரேல்ல. வேற ஆராருக்கோவெல்லாம் அந்தக் கள்ளத் தேதியில போட்டிட்டன். என்ர மனுசன் நிக்கிற ஒரு முறை, உங்களுக்கும் அந்தப் பொய்யையோ போடுறது? என்ர உண்மைத் தேதியைத்தான் போட்டனான்."

பெனடிக்ற்றின் கை குழம்புக்குள் நின்றுவிட்டது. ஒரு வாக்கு. அது எண்ணப்பட்டிருந்தால் பெட்டியும் இல்லை, குலுக்கலும் இல்லை. பல்கனிக் கதவை அவர் சாத்தாமல் இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். பக்கத்தில் நிற்கலாம் என்று அந்தப் பிள்ளை சொன்னதே. சட்டத்துக்கு மேலாகச் சுத்தமாக நடக்கப்போய் வந்த வினை. யாரைக் கோபிப்பது? தன்னை நினைத்து அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பியற்றிஸைப் பார்த்தால் அந்தக் கோபம் போக இடமில்லாமல் நின்றது.

"ஏன் சாப்பிடாமல் இருக்கிறியள்? பிழையாப் போச்சோ? எண்ணியிருப்பினம்தானே?"

பியற்றிஸின் கண்ணில் பயம் வந்துவிட்டது. பெனடிக்ற் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"எண்ணினவை," என்றார். "ஏன் எண்ணாமல்?"

பியற்றிஸ் அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். "அப்ப சரி. நீங்கள் வெல்லாட்டிலும் எனக்கு அது காணும். இந்த நாட்டுக்கு வந்து நான் நானாப் போட்ட ஒரே வோட்டு அதுதான்."

கழிபட்ட தபால் வாக்குக்குக் காரணம் சொல்லி கவுன்சில் கடிதம் போடும் என்பது பெனடிக்ற்றுக்குத் தெரியும். ஒரு மாதத்தில் வரலாம், இரண்டு மாதத்தில் வரலாம். அதற்கு முதல் அவர்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இன்றைக்கு ஏலாது. தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.