பல்லுக்காரி வாங்கப் போன பேஸ்

இசைக்குழுவில் எல்லோரும் அவளைப் பல்லுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பல் பெரிதாக இருந்ததால் அல்ல, செயற்கைப் பல் செய்வது அவள் பிழைப்பு. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை மேசைமேல் வரிசையாக வைத்துக்கொண்டு, காலையிலிருந்து மாலைவரை யார் யாருடைய வாய்க்கோ பல் கட்டிக்கொண்டிருப்பாள். முகம் தெரியாத மனிதர்களின் கடைவாய் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மீதி நேரத்தில் பேஸ் கிட்டார் வாசித்தாள். பழைய பேஸ்களை வாங்கிச் சரிசெய்து விற்றாள்.

பேஸ் அவள் தேடிப் போனது அல்ல. முதல் சம்பளத்தில் கிட்டார் வாங்கப் போனவளின் கண்ணில், பழைய சாமான் கடைச் சுவரில் தொங்கிய ஒன்று பட்டது. மற்ற கிட்டார்களுக்கு ஆறு கம்பி, இதற்கு நாலு. இரண்டு கம்பி அறுந்துபோனதால்தான் மலிவாகத் தருகிறார்கள், வேறு போட்டுக்கொண்டால் போயிற்று என்று கணக்குப் போட்டு வாங்கி வந்துவிட்டாள். அதில் அறுந்து போக எதுவும் இல்லை, பேஸுக்கு நாலே கம்பிதான் என்று அவள் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னான். கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வேண்டா வெறுப்பாகப் பிள்ளை பெற்றுக் காண்டாமிருகம் என்று பெயர் வைத்த கதையாக, முகத்தைச் சுளித்துக்கொண்டே கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் அந்தச் சுளிப்பு போய்விட்டது. மற்ற வாத்தியங்கள் பேசும்போது இது காலுக்குக் கீழே தரை போட்டுக் கொடுக்கிறது என்று அவளுக்குப் புரிந்த நாளிலிருந்து, வேறு எதையும் வாசிக்க அவளுக்கு ஆசை வரவில்லை.

அந்த ஊரில் கல்யாண மண்டபங்களிலும் கம்பெனி விழாக்களிலும் வாசிக்கும் குழு ஒன்று இருந்தது. அதன் பேஸ்காரருக்கு நங்கூரம் என்று பெயர். ஆள் வாட்டசாட்டம், மேடையில் ஓர் ஓரமாக நின்றால் நின்றதுதான், பாட்டு முடியும்வரை கால் நகராது. பயிற்சி நடக்கும் இடத்துக்கு அவள் கேட்கப் போவதும், அவரை அண்ணா என்று கூப்பிட்டு ஏதாவது சந்தேகம் கேட்பதும், அவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதுமாக இரண்டு வருடம் ஓடியது. பிறகு அவருக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. ஆறு வாரம் கனமானது எதையும் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். அந்த ஆறு வாரத்துக்குப் பல்லுக்காரி வந்து நின்றாள்.

ஏழாவது வாரம்தான் விஷயம். குழுவின் தலைவர் கீபோர்டு வாசிப்பவர், நல்ல மனிதர்தான். ஆனால் முகத்துக்கு நேரே ஒன்றைச் சொல்ல அவருக்கு வாய் வராது. அடுத்த நிகழ்ச்சியின் தேதியை அவளிடம் சொன்னார், நங்கூரத்திடம் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது. பயிற்சி நாளன்று நங்கூரம் தன் பெட்டியோடு வந்தபோது, அவருடைய இடத்தில் அவளுடைய ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டி வைக்கப்பட்டு, வயர் செருகப்பட்டு, அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அவள் எழுந்திருக்கலாம். "அண்ணா, வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அந்த இடம் அவளுக்கு வேண்டியிருந்தது. பின்னால் வந்த கணவரிடம்கூட அவள் சொல்லாத உண்மை அது.

பதினாலு வருடம் போயிற்று. கல்யாணம் ஆகி, ஒரு மகள் பிறந்து, அவளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். பல்லுக்காரியின் முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வியாபாரம் நடக்கும். சுவரோரம் ஏழெட்டு பேஸ்கள் சாய்ந்திருக்கும். துணி காயப்போட இடமில்லை என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், சத்தம் அவருக்குப் பழக்கம். விற்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பல்லவிதான் பாடுவார்கள். வாங்கி இரண்டு வருடம்தான் ஆயிற்றாம், அதிகம் வாசிக்கவில்லையாம். அவள் பேஸைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து வளைந்திருக்கிறதா என்று துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் பார்ப்பாள். பின்பக்கத்தைத் திருப்பி, பெல்ட்டின் இரும்பு உரசிய தேய்மானத்தைத் தடவுவாள். பொய் பல்லில் தெரியும் என்பது அவள் தொழிலில் கற்றது, மரத்திலும் தெரியும் என்பது இதில் கற்றது.

ஒருநாள் மதியம் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். வீட்டில் ஒரு பேஸ் இருக்கிறது, ஆம்பும் இருக்கிறது, இரண்டையும் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். யாருடையது என்று பல்லுக்காரி கேட்டதற்கு, வீட்டுக்காரருடையது, இனிமேல் வாசிக்க மாட்டார் என்று பதில் வந்தது. சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டாள்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்த பெண்மணி கையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே கூப்பிட்டார். சாப்பாட்டு மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. மூலையில் ஒட்டுப் போட்ட பெட்டி. அந்த ஒட்டைப் பயிற்சி நடக்கும் இடத்தில் இரண்டு வருடம் பார்த்தவள் பல்லுக்காரி. திறந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, நங்கூரத்தின் பேஸ்.

அவருடைய மனைவி தணிந்த குரலில் விவரம் சொன்னார். எட்டு மாதம் முன்னால் பக்கவாதம், இடது பக்கம். நடக்க வந்துவிட்டது, பேச்சு தெளிந்துவிட்டது, இடது கைதான் வரவில்லை. இடது கை விரல்கள் கம்பியை அமுக்கினால்தானே பேஸ்? இந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனிதர் இரண்டு நாள் பேசுவதில்லை. அதனால் கண்ணில் படாமல் தள்ளிவிடலாம் என்று மனைவியே முடிவு செய்திருந்தார். கணவர் தூங்குவதாகவும் சொன்னார்.

அவர் தூங்கவில்லை. உள்ளறைக் கதவில் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். பாதி உடம்பாகியிருந்தார். பல்லுக்காரியை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"என் இடத்த எடுத்தே," என்றார். "இதையும் எடுத்துக்கோ. குறையில்லாம இருக்கட்டும்."

மனைவி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பல்லுக்காரிக்கு அப்படியே எழுந்து படியிறங்கிவிடத் தோன்றியது. ஆனால் பதினாலு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்தது வாய்வரை வந்துவிட்டது.

"அன்னிக்கு நான் எழுந்திருச்சிருக்கணும் அண்ணா. உங்களப் பாத்தேன். பாத்துட்டேதான் வாசிச்சேன்."

"தெரியும்," என்றார் அவர். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "நீ பாத்தது எனக்குத் தெரியும். தப்பு தப்பா வாசிச்சிருந்தா மனசு ஆறியிருக்கும். நல்லா வேற வாசிச்சே."

மனைவி காப்பி போடப் போனார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அப்போதுதான் பல்லுக்காரி கவனித்தாள். நாற்காலியின் கைப்பிடியில் கிடந்த அவருடைய இடது கையின் கட்டைவிரல் அதை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கவில்லை, மணிக்கட்டு தொங்கியது. கட்டைவிரல் மட்டும் மேலும் கீழும் போயிற்று.

அது எவ்வளவு நாளாக அசைகிறது என்று கேட்டாள். மூன்று மாதமாக அசைகிறது, அதை வைத்துக்கொண்டு நாக்கா வழிக்க முடியும் என்றார் அவர். நாக்கு வழிக்க முடியாது, ஆனால் கம்பியைத் தட்ட முடியும் என்றாள் அவள். பேஸைத் திருப்பிப் பிடித்து, இடது கைக்காரர்கள் வாசிப்பதுபோல் வாசித்தால், அமுக்குகிற வேலை வலது கைக்கு. இடது கட்டைவிரல் சும்மா விழுந்தால் போதும். கம்பிகளின் வரிசையை மாற்ற வேண்டும், சில துண்டுகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். இரண்டு வாரம் கொடுத்தால் செய்து தருவதாகச் சொன்னாள்.

அவர் வேண்டவே வேண்டாம் என்று தலையாட்டினார். அறுபது வயதில் அ, ஆ எழுதச் சொல்கிறாயா என்று கேட்டார். காப்பியோடு வந்த மனைவிதான் தீர்ப்புச் சொன்னார்.

"எடுத்துட்டுப் போம்மா. சரியா வந்தா கொண்டு வா. வரலன்னா வித்துடு. ரெண்டுல எதுனாலும் இங்க ரெண்டு வாரம் நிம்மதி."

கம்பிகளை வரிசை மாற்றுவது கால்மணி நேர வேலை. ஆனால் பேஸின் கழுத்து முடிகிற இடத்தில் கம்பிகள் பதிந்து உட்கார ஒரு சின்ன எலும்புத் துண்டு இருக்கும். அதில் தடித்த கம்பிக்கு அகலப் பள்ளம், மெல்லிய கம்பிக்குக் குறுகிய பள்ளம். வரிசை மாறினால் பள்ளமும் மாறியாக வேண்டும். மதிய உணவு நேரத்தில் பல்லுக்காரி தன் ஆய்வக மேசையில், பல் தேய்க்கும் மெல்லிய அரங்களை வைத்து அதைச் செதுக்கினாள். முதலாவது உடைந்தது. இரண்டாவதில் பள்ளம் ஆழமாகி, கம்பி கரகரத்தது. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, இது எந்த நோயாளிக்கு, வாய் இவ்வளவு நேராகவா இருக்கும் என்று கேட்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் பேஸ் மூன்றாவது மாடிக்குத் திரும்பியது. நங்கூரம் அதைத் தொடவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். பிறகு மடியில் வைத்தார். வலது கை கழுத்தைப் பிடித்து, எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. நாற்பது வருடம் வாசித்த பாட்டு ஒன்றின் முதல் நாலு சுரம். மூன்றாவதில் விரல் தடம் மாறிப் போயிற்று.

"மூளைக்குத் தெரியுது," என்றார். "இந்தக் கைக்கு யாரும் சொல்லல."

மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

முன்னேற்றம் எறும்பு ஊர்வதுபோல்தான் இருந்தது. வலது கை விரல் நுனிகள் குழந்தையுடையதுபோல மெத்தென்று இருந்தன. தோல் உரிந்து, காய்ந்து, தடித்தது. ஒரு மாதம் ஆனபின் வேறொரு தொல்லை. வாசிக்கத் தொடங்கி ஒரு நிமிடத்தில் சத்தம் தேய்ந்து நின்றுவிடும். கட்டைவிரலுக்குத் தெம்பு போய்விட்டது என்று நினைத்து அவர் மனம் உடைந்து, இரண்டு நாள் தொடவில்லை. பல்லுக்காரி போய் உட்கார்ந்து, வாசிக்கச் சொல்லி, கண் எடுக்காமல் பார்த்தாள். குற்றவாளி கட்டைவிரல் அல்ல. பேஸைத் திருப்பியதால் சத்தம் கூட்டும் திருகு மேல்பக்கம் வந்திருந்தது. உணர்ச்சியில்லாத முழங்கை அவருக்கே தெரியாமல் அதைத் தேய்த்துத் தேய்த்துக் குறைத்துக்கொண்டிருந்தது. அவள் திருகைக் கழற்றி வீசிவிட்டு, முழுச் சத்தத்தில் நிரந்தரமாக நிறுத்தினாள். பக்கவாதம் வந்தபிறகு முதல்தடவையாக மனிதர் வாய்விட்டுச் சிரித்ததாக அவர் மனைவி பின்னால் சொன்னார்.

முழுச் சத்தம் என்றதும் கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையை இடிக்க ஆரம்பித்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நங்கூரம் பல்லுக்காரியின் முன்னறைக்கு வரலானார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவருக்கு லீவு நாளில் சவாரி அவர்தான். வியாபாரம் நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்திருப்பார். யாராவது ஒரு பேஸை எடுத்து வாசித்துப் பார்த்தால், "ம்" அல்லது "ம்ஹும்" என்பார். வந்தவர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு அந்த "ம்"முக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். மகள் வீட்டுப்பாடத்தைக் காட்டினால்கூட அதே மதிப்பெண்தான்.

அவர் மடியில் திருப்பிப் பிடித்த பேஸைப் பார்த்துவிட்டுப் போன யாரோ சொல்லி, ஒரு நர்ஸ் வந்தாள். பிறவியிலேயே இடது கைக்காரி. தனக்கேற்ற பேஸ் எங்கும் கிடைக்காமல், பன்னிரண்டு வருடமாகச் சாதாரண பேஸைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தாளாம். அன்று முழுக்க அவளுக்கு எப்படி மாற்ற வேண்டும், எந்தத் திருகு எங்கே இடிக்கும் என்று விளக்கியது நங்கூரம்தான். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. அதன்பிறகு இடது கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இத்தனை பேர் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டார்.

மறு வருடம் ஒரு கம்பெனியின் ஆண்டு விழா, மதிய நிகழ்ச்சி. பல்லுக்காரி குழுத் தலைவரிடம் போய், முதல் மூன்று பாட்டு மெதுவானவை, அவற்றை நங்கூரம் வாசிக்கட்டும் என்றாள். தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பதினைந்து வருடம் முன்னால் சொல்லாமல் விட்டது அவருக்கும் முள்ளாகத்தான் இருந்திருக்க வேண்டும். கூப்பிட வேண்டியது நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு அவள் வந்துவிட்டாள். அவர் போனில் கூப்பிடவில்லை. மூன்று மாடி ஏறிப் போய்க் கேட்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்று இருவருமே சொன்னதில்லை.

விழாவன்று நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வாசித்தார். முதல் பாட்டு சுத்தமாகப் போயிற்று. இரண்டாவதில் ஓர் இடம் தவறியது. நீண்டகாலப் பழக்கத்தில் டிரம்ஸ்காரர் கைகொடுத்து இழுத்துக்கொண்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் கட்டைவிரல் களைத்து, கம்பியைத் தாண்டித் தாண்டி விழுந்தது. அவர் பதறவில்லை. பக்கத்தில் தன் பேஸோடு தயாராக நின்றவளைப் பார்த்து மோவாயை அசைத்தார். அவள் அடுத்த அடியில் உள்ளே நுழைந்து, பாட்டை முடித்து வைத்தாள். சாப்பாட்டில் கவனமாக இருந்த கூட்டத்துக்கு, நடுவில் ஆள் மாறியதே தெரியவில்லை.

திரும்பும்போது இரண்டு தம்பதிகளும் ஒரே வண்டியில் வந்தார்கள். நங்கூரத்தின் மனைவி அவர் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வந்தார்.

"மூணாவது பாட்டுல நுழையுறப்ப அவசரப்பட்டே," என்றார் நங்கூரம்.

"கொஞ்சம்," என்று ஒப்புக்கொண்டாள் பல்லுக்காரி.

"அடுத்த தடவ நான் தலைய ஆட்டினதும் ஒரு மூச்சு விட்டுட்டு வா."

அடுத்த தடவை எப்போது என்று அவருடைய மனைவி கேட்டார். வெள்ளிக்கிழமை பயிற்சி இருக்கிறது என்றாள் பல்லுக்காரி. வெள்ளிக்கிழமை அவரை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும், நாலு மணிக்குமேல் என்றால் சரி என்றார் மனைவி. நாலரைக்கு வந்து ஏற்றிக்கொள்வதாக, பேருந்து ஓட்டுகிற வீட்டுக்காரர் வண்டியை மெதுவாகத் திருப்பிக்கொண்டே சொன்னார்.