ஸ்டமாடிஸ் சீக்கிரம் வந்த ஞாயிறு

ஸ்டமாடிஸ் பிறந்ததே தாமதமாகத்தான். டாக்டர் சொன்ன நாளும் போய், அடுத்த வாரமும் போய், பிரசவத்துக்கென்று வந்திருந்த அத்தைகள் அலுத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு ஆற அமர வந்து சேர்ந்தான். கிரேக்கத்தில் அவன் ஊரான வோலோஸில் இதையெல்லாம் யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கடலோர ஊரில் ஒன்பது மணி என்றால், ஒன்பதுக்குக் குளிக்கப் போகலாம் என்று அர்த்தம். காபிக் கடையில் ஒருவர் வேர்விட்டுப் போகுமளவு காத்திருந்தாலும் சரி, வந்தவர் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "நானும் இப்பதான் வந்தேன், உக்காரு" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்பேர்ப்பட்ட பிள்ளையை ஒரு வருடம் படித்துவிட்டு வா என்று ஜெர்மனிக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ரேகன்ஸ்பர்க்கில் வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே அவனுக்கு நாலு பேர் சேர்ந்த ஒரு கூட்டம் அமைந்துவிட்டது. எல்லாரும் அவனைப் போல வேறு வேறு நாட்டிலிருந்து ஒரு வருடத்துக்கு வந்த மாணவர்கள். வாரக் கடைசியில் எங்காவது கிளம்பிவிடுவார்கள். முதல் பயணத்தில் ஸ்டமாடிஸ் பிளாட்பாரத்தில் நின்று ரயிலுக்குக் கை காட்டினான். இரண்டாவதில் ரயிலைப் பிடித்துவிட்டான், ஆனால் அது எதிர்த்திசையில் போகிற ரயில். மூன்றாவதில் மற்றவர்கள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்புகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தான்.

கூட்டத்துக்குத் திட்டம் போடுகிறவள் லாட்வியாக்காரி இல்ஸே. எங்கே போனாலும் பத்து நிமிஷம் முன்னால் வந்து நின்று கைக்கடிகாரத்தை முறைப்பாள். ஸ்பெயின் நாட்டு பில்பாவோவிலிருந்து வந்த ஐட்டோர் சாப்பாட்டு ராமன், இளகிய மனசுக்காரன். அயர்லாந்துப் பெண் நுவாலாவுக்கு விடுதியில் ஸ்டமாடிஸுக்கு அடுத்த அறை. போன் அலாரத்துக்கெல்லாம் மகன் அசைய மாட்டான் என்று தெரிந்த ஸ்டமாடிஸின் அம்மா, தலையில் இரண்டு மணி வைத்த பெரிய கடிகாரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அது அலறும்போது தினமும் எழுந்து வகுப்புக்குப் போனவள் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த நுவாலாதான்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூன்று நதி சேருகிற பஸ்ஸாவுக்குப் போவதாக முடிவானது. இல்ஸே விடுதிச் சமையலறையில் வைத்துக் கரண்டியை நீட்டினாள்.

"ஸ்டமாடிஸ், இதுதான்டா கடைசி. இந்தத் தடவையும் வரலேன்னா, இனிமே எந்த ட்ரிப்புக்கும் உன்னைக் கூப்பிட மாட்டோம். ஒரு நிமிஷம்கூட நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"ஒரு நிமிஷத்துல என்னடி ஆகிடப்போகுது?"

"ரயில் போயிடும்."

எல்லாரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். ஆனால் அறைக்குப் போனதும் கணக்குப் போட்டுப் பார்த்தான். இந்த மூன்று பேரை விட்டால் அந்த ஊரில் அவனை நலமா என்று கேட்க நாதியில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவன்கூட பேனா வேண்டுமென்றால்தான் பேசுவான். இவர்களும் கைவிட்டால் வசந்தகாலம் வரை சுவரோடு பேச வேண்டியதுதான். இந்தத் தடவை தலைகீழாக நின்றாவது போய்விடுவது என்று சத்தியம் செய்துகொண்டான்.

ஆனால் அவன் சத்தியத்தை நம்புகிறவர்கள் யாரும் இல்லை. ரயில் ஒன்பது மணிக்கு. இல்ஸே அவனிடம் மட்டும் எட்டு என்று சொன்னாள். அது தெரியாத ஐட்டோர் சனிக்கிழமை மத்தியானம் வந்து, "மாப்ள, நேரம் மாறிடுச்சு, ஏழுக்கே வந்துடு" என்று காதைக் கடித்தான். பொறுப்புக் கொடுத்தால் புத்தி வரும் என்று நினைத்து, நாலு பேர் பெயரும் எழுதிய ஒரே டிக்கெட்டையும் அவன் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனான். சாயங்காலம் சர்க்கரை கேட்கிற சாக்கில் வந்த நுவாலா, அவன் டப்பாவைத் தேடுகிற நேரம் பார்த்துக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினாள். இவர்கள் போதாதென்று, அன்று இரவோடு கோடைகால நேரம் முடிந்து ஊர்க் கடிகாரங்கள் எல்லாம் ஒரு மணி நேரம் பின்னால் போயின. இது கிரேக்கத்திலும் உண்டு. ஸ்டமாடிஸுக்கு எந்த வருடமும் ஞாபகம் இருந்ததில்லை.

காலையில் கடிகாரம் அலறியது. அவன் வழக்கம்போல் அதன் வாயைப் பொத்திவிட்டுப் புரண்டு படுத்தான். மறுபடி கண் விழித்தபோது முள் ஏழைத் தாண்டியிருந்தது. "போச்சு!" என்று கால்சட்டைக்குள் ஒரு காலும் செருப்புக்குள் ஒரு காலுமாகப் பாய்ந்தான். சார்ஜில் போட்ட போன் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. இருட்டில் ஓடினான். வெளிச்சம் ஏன் வரவில்லை என்று யோசிக்க நேரமில்லை. நண்பர்கள் யாரும் பிளாட்பாரத்தில் இல்லை. கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸாவ் ரயிலில் தாவி ஏறினான். போய்விட்டார்கள். சொன்னபடியே ஒரு நிமிஷம்கூட நிற்காமல் போய்விட்டார்கள்.

டிக்கெட் பரிசோதிக்கும் அம்மாள் வந்தாள்.

"நாலு பேர் போட்டிருக்கு. மத்த மூணு பேர் எங்க தம்பி?"

"முன்னாடி ரயில்ல போயிட்டாங்க. நான்தான் லேட்."

"இன்னிக்கு இதுதான் முதல் ரயில்."

அந்த அம்மாள் விடுவதாயில்லை. "சரி, டிக்கெட் உன்கிட்ட இருக்கு. அவங்க எப்படிப் போனாங்க?"

அவன் டிக்கெட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "மணி என்னங்க?"

"இன்னும் ஆறுகூட ஆகல. குளிர்கால நேரம் வந்தாச்சே, தெரியாதா?"

குளிர்கால நேரம் ஒரு மணி நேரத்துக்குத்தான் கணக்குச் சொல்லியது. மிச்சத்துக்கு யார் கணக்குச் சொல்வது? சர்க்கரை கேட்டு வந்த நுவாலா காபியிலேயே சர்க்கரை போடமாட்டாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கோபம் வரவில்லை. தான் சீக்கிரம் வந்துவிட்டோம் என்ற எண்ணமே உடம்பெல்லாம் இனித்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிப் போனால் நண்பர்களுக்கு முன்னால் போய் நிற்கலாம். கையில் கொள்ளை நேரம் இருந்தது. அப்படிக் கையில் நேரம் இருந்து பழக்கமில்லாததால் தூங்கிப்போனான். கண் விழித்தால் பஸ்ஸாவ்.

இப்போது திரும்பினால் வழியில் அவர்களோடு குறுக்கிட்டுப் போய்விடும். புது டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏழு மணி ரயிலில் வந்துவிடுவார்கள், இங்கேயே இருப்போம் என்று தீர்மானித்தான். ஸ்டேஷன் பேக்கரியில் ஒரு பிரெட்செல் ரொட்டி வாங்கிக்கொண்டு, பிறந்ததிலிருந்து சொல்லக் கிடைக்காத ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழக ஆரம்பித்தான். "நீங்க லேட்." கொஞ்சம் கடுமையாக. "நீங்க... லேட்." இல்ஸே மாதிரி மணிக்கட்டைத் தட்டி, "லேட்!"

"கடைசியா சொன்னது நல்லா இருந்துச்சு" என்றாள் பேக்கரிக்காரி.

ஏழு மணி ரயில் வந்தது. கிழவர் கூட்டம் ஒன்று இறங்கியது. சைக்கிள்கள் இறங்கின. அவர்கள் இறங்கவில்லை. அடுத்த ரயிலிலும் இல்லை. அதற்குப் பிறகு வந்த எதிலும் இல்லை. ஸ்டமாடிஸுக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போடாமல் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். வேறு எங்கோ போயிருப்பார்கள், அவன் இல்லாமல் சிரித்துக்கொண்டு. காத்திருப்பது இவ்வளவு கொடுமையான வேலை என்று இத்தனை வருஷத்தில் யாருமே அவனிடம் சொன்னதில்லை.

பேக்கரிக்காரியிடம் போன் வாங்கினான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்தில் ஒன்றுதான்.

"அம்மா, நான்தான்."

"எங்கடா இருக்க? காலைலேந்து உன் போனுக்கு அடிக்கிறேன், இப்பதான் எடுத்தாங்க. யாரோ ஒரு பொண்ணு! உன் ரூம்ல அவளுக்கு என்னடா வேலை?"

"எந்தப் பொண்ணு?"

"எனக்கென்ன தெரியும்? அவ பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது அவளுக்குப் புரியல. உன் பேரைச் சொல்லிச் சொல்லி அழறா. என்ன பண்ணித் தொலைச்ச?"

"அம்மா, திரும்பக் கூப்பிடு. 'பஸ்ஸாவ்'னு மட்டும் சொல்லு, போதும்."

"சாப்பிட்டியா?"

"அம்மா!"

அங்கே நடந்தது பிற்பாடுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டேன் என்ற இல்ஸே ஒன்பது மணி ரயிலை விட்டாள். "இதோ வந்துடுவான்" என்று அதற்கடுத்த ரயிலையும் விட்டாள். ஐட்டோர் தன் சாண்ட்விச்சையும் ஸ்டமாடிஸுக்கென்று கட்டி வந்த சாண்ட்விச்சையும் தின்றுவிட்டு, விடுதிக்குப் போய்ப் பார்ப்போம் என்றான். பூட்டிய கதவுக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மூவரும் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மனுஷனை நிம்மதியாக இருக்க விடுவதில்லை என்று திட்டிக்கொண்டே விடுதி மேலாளர் வந்து கதவைத் திறந்தார். கட்டில் காலி. ஸ்டமாடிஸ் காலையில் படுக்கையில் இல்லை என்றால் கடத்திக்கொண்டுதான் போயிருக்க வேண்டும் என்றார் அவர்.

நுவாலா கடிகாரத்தைப் பார்த்து அழாத குறையாகச் சொன்னாள். "நான் ஒரு மணி நேரம் தள்ளி வச்சேன்."

"நான் ஏழு மணின்னு சொன்னேன்" என்றான் ஐட்டோர்.

"நான் எட்டுன்னு சொன்னேன்" என்றாள் இல்ஸே. "பாவிகளா, ராத்திரி வேற மணி மாறியிருக்கு. இருட்டுல எங்க போய் நின்னானோ! நாமதான்டா அவனைத் தொலைச்சோம்." அப்போதுதான் மறுபடி போன் அடித்தது. இல்ஸேதான் எடுத்து அழுதாள், அடுத்த தடவை அடித்தபோது 'பஸ்ஸாவ்' என்ற ஒரு வார்த்தை மட்டும் அவளுக்குப் புரிந்தது.

மத்தியானம் தாண்டி வந்த ரயிலிலிருந்து மூவரும் இறங்கியபோது ஸ்டமாடிஸ் அதே பெஞ்சில் குளிரில் மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டைத் தட்டுவதற்காக எழுந்து நின்றான். பேக்கரிக்காரி கடைக்கு வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

இல்ஸே எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. வாழ்க்கையில் எங்கேயும் ஒரு நிமிஷம் பிந்தாதவள், பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாமல் திணறினாள்.

"லேட்டாயிடுச்சுடா. ரொம்ப லேட்டாயிடுச்சு. எவ்வளவு நேரமா உக்காந்திருக்க?"

காலையிலிருந்து பழகிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஸ்டமாடிஸ் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

"நானும் இப்பதான் வந்தேன்" என்றான். "உக்காரு."