இரண்டு பேரை ஒருத்தியாக்கிய சனிக்கிழமை

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. டெக்சஸில் இர்விங்கில், எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து பத்து நிமிட டிரைவில் ஒரு இலவச கிளினிக். மியான்மரிலிருந்து அகதிகளாக வந்த லிசு இனப் பெண்கள் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக அங்கே வருவார்கள். பலரும் போட்டுக்கொள்வது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. தேதி நெருங்கினால் போன் செய்து ஞாபகப்படுத்த வேண்டும். பட்டியல் ஒரு பழைய நோட்டில் கிடந்ததால் பாதிப் பேருக்குப் போன் போகவில்லை.

அங்கே டாக்டராக இருந்த யாழ்ப்பாணத்து ஆன்ட்டி, "தம்பி, நீர் கம்ப்யூட்டர்காரன்தானே, இதை ஒருக்கா சரிப்படுத்தித் தாரும்" என்றார். சனிக்கிழமைகளில் சோபாவில் படுத்திருப்பதுதான் என் வேலை என்று என் மனைவி ஏற்கெனவே அவரிடம் போட்டுக்கொடுத்திருந்தாள்.

ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சில இடங்களில் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே முகவரியில் இரண்டிரண்டு வரிகள். இந்த மாதிரி இரட்டைப் பதிவுகளை ஒழிப்பதற்குத்தான் ஆபீஸில் எனக்குச் சம்பளம். யாரையும் கேட்கவில்லை. இரண்டிரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, பெருமையாக வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு பெண் வந்தார். ஊசித் தேதி தாண்டி ஆறு வாரம். கிளினிக்கிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஏற்கெனவே மூன்று குழந்தைகள். கடைசியை டேகேரில் விட்டுவிட்டு அந்த வாரம்தான் ஒரு வேர்ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நாலாவது என்றால் வேலை போச்சு.

கம்ப்யூட்டரோ அவருக்குப் போன மாதமே ஊசி போட்டாயிற்று என்றது. ஆன்ட்டி போன் செய்து என்னை வரவழைத்தார். போட்டுக்கொண்டவர் அவருடைய ஓரகத்தி. மொழிபெயர்க்கும் லிசு அக்காதான் எனக்குப் பொறுமையாக விளக்கினார். அவர்களில் பிறந்த வரிசைப்படி பெயர் வைப்பார்கள். இரண்டாவது மகள் என்றால் எந்த வீட்டிலும் அதே பெயர். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு முகாமில் ஜனவரி ஒன்று என்று எழுதிவிட்டார்கள். இந்த இருவருக்கு வருடமும் ஒன்றாக அமைந்துவிட்டது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் குடித்தனம். ஆபீஸ் முழுக்க என் அப்பா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட, அதற்குத் திரும்பிப் பார்த்தே பழகிப்போனவன் நான். எனக்காவது இது உறைத்திருக்க வேண்டும்.

சோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. ஆனால் மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை பார்த்தால்தான் உறுதி என்றார் ஆன்ட்டி. அந்தப் பெண் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை. "மசக்கை உங்களுக்கா, அந்தப் பொண்ணுக்கா?" என்றாள் மனைவி.

இரண்டாவது தடவையும் இல்லை என்றே வந்தது. நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏதோ பதில் சொல்ல, லிசு அக்கா சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "அவங்க ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா, பாத்திரம் யாரு கழுவுறதுன்னு வீட்ல சண்டையே வந்திருக்காதாம்."

பிறகு அந்த அக்காவையே பக்கத்தில் உட்காரவைத்துப் பட்டியலை வரிவரியாகப் பார்த்தோம். ஆளுக்கொரு தனி எண் கொடுத்தோம். எந்தப் போனில், எத்தனை மணிக்குக் கூப்பிடலாம் என்று அவரவரிடமே கேட்டு எழுதினோம். நான் ஒன்றாக்கியிருந்த இன்னும் மூன்று பேர் ஆறு பேரானார்கள். நல்லவேளை, அவர்கள் யாருக்கும் தேதி தப்பவில்லை.

என் அசட்டுத்தனங்களை நானே ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பவன். ஆனால் நான் ஒரு நொடியில் அழித்த வரிக்காக அந்தப் பெண் மூன்று வாரம் பயத்தோடு வேலைக்குப் போய்வந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை.