மடக்குக் கூரைக் கார்

நெடுங்கேணிச் சந்தியில் அந்தக் கார் முதன்முதல் வந்து நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. வெளிர்ப் பச்சை நிறம். பின்னால் மடித்து வைத்த சீலைக் கூரை. குளத்து வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. உலகச் சண்டைக்கு முந்தியது. அதைப்போல் ஒன்று வன்னியில் வேறு இல்லை. அவர் தன் நாட்டுக்குத் திரும்பப் போகிறார். ஓடிப் பார்த்து, பிடித்தால் வாங்கும்படி எங்கள் முதலாளியிடம் விட்டிருந்தார். முதலாளிக்கு ஒரு பலசரக்குக் கடையும் ஒரு லொறியும் இருந்தன. நான் லொறிச் சாரதி.

அவர் வாங்க நினைத்தது சொகுசுக்கு அல்ல. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் திறந்த கார் வேண்டுமென்றால் அப்போது யாழ்ப்பாணத்திலிருந்துதான் பிடிக்கவேண்டும். இங்கேயே ஒன்று நின்றால் ஆவணியும் தையும் ஓய்வில்லாமல் ஓடும். நெல் பொய்த்துக் கடை படுத்துவிட்டது. மனைவியின் நகையை விற்று இதை வாங்குவதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த வழி.

தேத்தண்ணிக்கடையில் இருந்தவர்கள் விடவில்லை. “முதலாளி, கூரையில்லாத வீட்டை ஆரும் வாங்குவினமோ?” என்றார் ஒருவர்.

“மழைக்கு நீ குடை பிடிச்சுக்கொண்டு பின்னால ஓடி வா” என்றார் முதலாளி. அன்று அவர் சிரித்தார்.

ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். பிணம் ஏறின காரில் மாப்பிள்ளை ஏறமாட்டான்.

அடுத்த நாள் காரை ஓடிப் பார்க்கக் காட்டோரம் போனோம். குடியேற்றத் திட்டத்து ஆள் ஒருவர் நடுறோட்டில் கையை விரித்து நின்றார். றோட்டோரம் பாயில் கிடத்தியிருந்த மனைவிக்குப் பிள்ளை பிறக்காமல் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மருத்துவிச்சி கைவிட்டுவிட்டா. எங்கள் லொறி பழுதாகிக் கிடந்தது. பஸ் இனிப் பின்னேரந்தான். பக்கத்தில் இருந்த முதலாளி பின்சீற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு “ஏத்துங்கோ” என்றார்.

வவுனியா ஆஸ்பத்திரிக்கு விட்டேன். கூரையை இழுத்துப் பார்த்தோம், சட்டம் இறுகிவிட்டது. அந்த ஆள் ஒரு சேலையை இரண்டு கையாலும் வெயிலுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். புளியங்குளத்துக்கு இன்னும் தூரம் இருக்கையில் கைகளை இறக்கிவிட்டார்.

“தம்பி, நிப்பாட்டு” என்றார். நிறுத்தினேன். அவர் அழவில்லை. முதலாளியைப் பார்த்துச் சொன்னார். “இந்தப் பாலைமரத்துக்குக் கீழ எங்களை இறக்கிவிடுங்கோ. மாட்டுவண்டில் பிடிச்சு வீட்டை கொண்டுபோறன். வண்டிலுக்குள்ளதான் சீவன் போனது எண்டு சொல்லுறன். கலியாணத்துக்கு விடப்போற கார். பழுதாகவேண்டாம்.”

றோட்டில் சனமில்லை. அவர் சொன்னபடி செய்திருந்தால் ஒருவருக்கும் தெரியவந்திராது. முதலாளி இறங்கினார். பின்கதவைத் திறந்தார். இறக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். தோளில் கிடந்த சால்வையை எடுத்து அந்தப் பெண்ணின் முகத்தை மூடினார். கதவைச் சாத்தினார்.

“ஏறின ஆளை நடுவழியில இறக்கேலாது. திருப்படா” என்றார்.

அந்த ஆளின் வீட்டுக்கு நெடுங்கேணிச் சந்தைக்குள்ளால்தான் பாதை. சனம் நிறைந்த நேரம். திறந்த கார், ஒளிக்க ஒன்றுமில்லை. தேத்தண்ணிக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முதலாளி அந்தப் பக்கம் திரும்பவில்லை. “மெதுவாப் போ” என்று மட்டும் சொன்னார்.

காரை இஞ்சினியரிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். வெள்ளைக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. நான் அதைச் சொன்னேன்.

“அவர் வேற ஊரில விப்பார். அங்க தெரியாமல் ஒரு மாப்பிள்ளையை ஏத்துவினம். வேண்டாம்” என்றார். அவரே வாங்கினார்.

ஒரு கலியாணமும் வரவில்லை. அடுத்த விதைப்புக்கு முன்னம் கடை பூட்டப்பட்டது. இப்போது அந்த றோட்டால் அம்புலன்ஸ் கூவிக்கொண்டு போகிறது. அப்போது எங்கள் பக்கத்து வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். கேட்க வந்தவர்கள் முதலாளி வீட்டுப் படலையடியில் தயங்கி நிற்பார்கள்.

“ஏன் நிக்கிறியள்? கொண்டுவந்து ஏத்துங்கோ” என்பார் முதலாளி. “இனி இதில பழுதாக என்ன கிடக்கு?”