மீட்டர்காரர் போட்ட பாத்ரூம் தரை

முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் வீட்டுக் குழாய்களைக் குறை சொல்லியே காலம் தள்ளியவர் அவர். தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போவதுதான் உத்தியோகம். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அவருக்கு மண்டை வெடித்துவிடும். இந்த வாஷர் போய்விட்டது, அந்தக் குழாயைக் கோணலாக மாட்டியிருக்கிறான், தொட்டியைக் கட்டினவன் கண்ணை மூடிக்கொண்டா கட்டினான் என்று வாசலில் நின்று ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் நகர்வார். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்றுதான் பெயர்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுப் பாத்ரூமில் நாலு டைல்ஸ் பெயர்ந்து பதினோரு வருஷமாக இளித்துக்கொண்டு கிடந்தது. சொல்லிச் சொல்லி அவர் மனைவிக்கு வாய் ஓய்ந்துபோயிற்று. கொத்தனாரைக் கூப்பிடலாமே என்றால், என்னைவிட அவனுக்கு என்ன தெரியும், நானே போட்டுவிடுகிறேன் என்பார். போடமாட்டார். பேப்பரை விரித்துக்கொண்டு அதற்குப் பின்னால் காணாமல் போய்விடுவார். ஒருநாள் காலை, பெயர்ந்த அந்த இடத்தில் அவள் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்த கையோடு மகள் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரம். வீட்டுக்கு எப்போது வருவாய் என்று இவர் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்.

"பாத்ரூமைச் சரி பண்ணுங்க. வரேன்."

விழவைத்தது தன் சோம்பேறித்தனம்தான் என்பது மீட்டர்காரருக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் மகள் ஆள் அனுப்புகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றார். தன் கையாலேயே செய்து அவளைக் கூட்டி வந்தால்தான் மனசு ஆறும் என்று ஒரு வீம்பு.

முதல் நாளே வீம்புக்கு நல்ல மரியாதை கிடைத்தது. ஊருக்கெல்லாம் வால்வைப் பற்றிப் பாடம் எடுத்தவர், தன் வீட்டு வால்வை மூடாமல் உளியை இறக்கினார். உளி சுவருக்குள் இருந்த குழாயில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் மூஞ்சியில் பீய்ச்சி அடித்தது. ஓட்டையைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏய், வால்வை மூடு, வால்வை மூடு" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். இரண்டாம் தடவை கத்தும்போதுதான் உள்ளே யாரும் இல்லை என்பது உறைத்தது. கையை எடுத்துவிட்டு, நனைந்துகொண்டே கொல்லைக்கு நடந்துபோய்த் தானே மூடினார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் பேசினார். போனில் பேசிப் பழக்கம் இல்லாதவர். உடம்பு எப்படி, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டதும் பேச்சு தீர்ந்துபோயிற்று. வேறு வழி தெரியாமல் அன்றைய வேலையைச் சொன்னார். குழாய் உடைந்ததை மட்டும் விட்டுவிட்டார். அவள் "ம்" என்றாள். மறுநாளும் ஆறு மணி, மறுநாளும் "ம்".

பழைய தரையை உடைத்து அள்ளவே பதினெட்டு நாள் ஆயிற்று. நல்லவேளை, கக்கூஸ் தனி. குளியலுக்குக் கொல்லைக் குழாய்தான். பக்கத்து வீட்டு விளக்கு எரிவதற்குள் துண்டைக் கட்டிக்கொண்டு விறைக்க விறைக்க ரெண்டு வாளி ஊற்றிக்கொள்வார். எங்கே குளிக்கிறீர்கள் என்று மகளும் கேட்கவில்லை, மனைவியும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. பேப்பர் மட்டும் தினமும் வந்து மடிப்புக் கலையாமல் மேஜையில் சேர்ந்தது. வீட்டில் எதிரே ஒரு ஆள் இருந்தால்தானே பேப்பருக்குப் பின்னால் ஒளிய வேண்டும்.

பிறகு புது டைல்ஸ் வந்தது. சொரசொரப்பானது, சோப்பு நுரையிலும் வழுக்காது என்று கடைக்காரர் சொன்னது. ரசமட்டம் ஒன்றும் வாங்கினார். மரக்கட்டைக்குள் ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் ஒரு நீர்க்குமிழி; குமிழி நடுவில் நின்றால் தரை மட்டம் என்று பொருள். ஒவ்வொரு டைல்ஸ் மேலும் அதை வைத்து, குமிழி அசையாமல் நடுவில் நிற்கும்வரை தட்டித் தட்டி உட்காரவைத்தார். ஒன்பது நாள். கடைசி டைல்ஸை வைத்துவிட்டு, தரையில் கன்னத்தைப் பதித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஒரு நூல் ஏற்றம் இல்லை, ஒரு நூல் இறக்கம் இல்லை. எந்தக் கொத்தனாருக்கு இது வரும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். ரெண்டு நாள் காயவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார்.

தண்ணீர் எந்தப் பக்கமும் போகவில்லை. கொட்டின இடத்திலேயே பரவி, சுவருக்குச் சுவர் நின்றுகொண்டது. வாட்டம் கொடுக்கவில்லை. பாத்ரூம் தரை என்றால் தண்ணீர் ஓடுகிற பக்கம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். அந்தச் சரிவுக்குப் பெயர்தான் வாட்டம். எத்தனையோ வீட்டில் அதைச் சொல்லிக் குறை பேசியவர் தன் வீட்டில் கோட்டை விட்டுவிட்டார். அவளை மறுபடி விழவைக்க இதைவிட நல்ல தரை கிடைக்காது. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறு மணி ஆயிற்று. போனைத் தொடவில்லை.

ஆறரைக்குப் போன் அடித்தது. அவள்தான்.

"ஏன் இன்னிக்கு ஒண்ணும் காணோம்? உடம்புக்கு என்ன?"

ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ரசமட்டம், ஒன்பது நாள், கன்னத்தை வைத்துப் பார்த்தது, குளம் மாதிரி நிற்கிற தண்ணீர், மறைத்து வைத்திருந்த குழாய் விவகாரம் உட்பட. மறுமுனையில் சத்தம் இல்லை. கோபம் என்று நினைத்தார். பிறகுதான் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. அடக்க முடியாமல், இடுப்பு வலிக்குது, போதும் நிறுத்துங்க என்று கெஞ்சிக் கெஞ்சிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் எப்போது கேட்டார் என்று அவருக்கே நினைவில்லை.

அதன்பிறகு "ம்" குறைந்தது, கேள்வி கூடியது. தரையை மறுபடி உடைத்தார், வாட்டம் கொடுத்துப் போட்டார். விரலில் சுத்தியல் பட்டதையும், சிமெண்டு மூட்டை நனைந்து கல்லாகிப்போனதையும் ஒன்று விடாமல் சொன்னார். ஆறு மணிக்காகவே பகல் முழுக்க வேலை செய்கிற மாதிரி ஆகிவிட்டது. சுவரில் கைப்பிடி மாட்டிய அன்று, முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை வா என்றார். அவள் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு காரில் வந்தாள். கைத்தடி ஊன்றியிருந்தாள். கையில் பை எதுவும் இல்லை. பெட்டி காரில் இருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார். மகள் முன்னறையில் உட்கார, இவர் மனைவியைக் கூட்டிப்போய்ப் பாத்ரூமைக் காட்டினார். அவளே ஒரு சொம்பு தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். தண்ணீர் சொல்பேச்சு கேட்டு மூலைக்கு ஓடியது.

"நல்லா வந்திருக்கு," என்றாள். நிஜமாகவேதான் சொன்னாள்.

"பெட்டியை எடுத்துட்டு வரட்டுமா?"

"பெட்டி கொண்டு வரல." கைப்பிடியைப் பிடித்தபடியே சொன்னாள். "சரி பண்ணினா வரேன்னு எந்தத் தைரியத்துல சொன்னேன் தெரியுமா? நீங்க எப்படியும் செய்ய மாட்டீங்கங்கற தைரியத்துலதான்."

இங்கே உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டார்.

"ரெண்டு மாசமா நீங்க தனியா இருக்கீங்க. கஷ்டமாத்தான் இருந்திருக்கும். நான் இந்த வீட்டுல முப்பத்தெட்டு வருஷம் அப்படி இருந்தேங்க. இப்ப தினமும் ஆறு மணிக்கு எனக்குன்னு ஒருத்தர் பேசறாரு. இங்க வந்துட்டா அது நின்னு போயிடும்னு பயமா இருக்கு."

நிக்காது என்றார். அவள் கைப்பிடியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். வந்தது வந்தேன், ஒரு குளியல் போட்டுட்டுப் போறேன் என்று மகளைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். இவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கார் போனபிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். தரை அதற்குள் காய்ந்திருந்தது.

திங்கட்கிழமை ஆறு மணிக்குப் போன் போட்டார்.

"இன்னிக்கு என்ன வேலை?" என்று கேட்டாள்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்தால் பத்து நாளுக்குப் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. அதைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

"வேலை ஒண்ணும் இல்ல," என்றார். "நீ இல்லாம இருக்க முடியல."

மறுமுனையில் மகள் வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. பேரப்பிள்ளை எதற்கோ கத்தியது. ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டு, எல்லாம் அடங்கியது.

"சொல்லுங்க," என்றாள். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதற்கு மேல் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "காலைல அஞ்சரைக்கு முழிப்பு வந்துச்சு," என்று ஆரம்பித்தார்.