வாளோடு வந்த வெட்டுக்கிளி

வெட்டுக்கிளிக்குக் கொம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்திலிருந்து அது சேதி கொண்டுவரும் என்று ஒன்பது வயதில் நான் நம்பினேன். சும்மா ஒப்புக்கு இல்லை, மனப்பூர்வமாக நம்பினேன். ஆதாரமும் வைத்திருந்தேன். அப்பா வளைகுடாவிலிருந்து ஆள் வசம் கொடுத்தனுப்பிய டிரான்சிஸ்டர்தான் அது. ஏரியலை மடக்கி வைத்தால் திருவனந்தபுரம் பேசும். முழுவதும் இழுத்துவிட்டால், இருட்டிய பிறகு, கடலுக்கு அப்பால் எங்கிருந்தோ அரபிப் பாட்டு இரைச்சலோடு கேட்கும். அந்தப் பாட்டு எங்கே பாடுகிறதோ அங்கேதான் அப்பா இருக்கிறார். கொம்பு நீண்டால் தூரம் எட்டும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பச்சை வெட்டுக்கிளி வீட்டுக்குள் வந்தால் விரட்டக் கூடாது, வெளியூரில் இருப்பவர் வரப்போகிறார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எந்த வெளியூர், யார் என்றெல்லாம் யாரும் பிரித்துச் சொல்லவில்லை. அந்த ஆராய்ச்சியை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள நேரமும் இருந்தது. அருமனைக்கு உள்ளே, ரப்பர் தோட்டத்தை ஒட்டி, கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காத தூரத்தில் எங்கள் வீடு. கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால் உள்ளே நான் மட்டும்தான். அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி உடைக்கிற ஆலையில், வேலை முடித்து இருட்டும்போதுதான் வருவாள். முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டு அவளுடைய பெருவிரலும் சுட்டுவிரலும் எப்போதும் கருத்திருக்கும். அதுவரை வெட்டுக்கிளிகளோடுதான் என் பேச்சுவார்த்தை.

குட்டைக் கொம்பர்கள் பகலில் வரப்பில் குதிப்பவர்கள். பின்னங்காலை இறக்கையில் தேய்த்துச் சத்தம் போடுவார்கள். இவர்களுக்குக் காது வயிற்றுப் பக்கத்தில் என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்தபோது என் மாமா ஞாபகம்தான் வந்தது. அவருக்கும் சாப்பாடு சம்பந்தப்பட்டது மட்டும்தான் கேட்கும். இந்தக் கூட்டத்திலேயே கூம்புத் தலையோடு ஒருவன் உண்டு, புல்லுக்கு முகம் வைத்தது மாதிரி. இவர்கள் எல்லாரையும் உள்ளூர் ஆட்கள் என்று தள்ளிவைத்தேன். வந்தால் அதிகபட்சம் கோட்டாற்றிலிருந்து ஒரு சித்தி வருவாள்.

நீளக் கொம்பர்கள் வேறு ஜாதி. உடம்பைவிட நீளமாக, நூல் போலக் கொம்பு. இறக்கை அசல் இலை, நரம்புகூட உண்டு. இருட்டிய பிறகு இறக்கையோடு இறக்கை உரசிப் பாடுவார்கள். முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, ஒரு சின்னத் துளை. அதுதான் காது. அப்போது எனக்கு அது ஹெட்போன் குத்துகிற ஓட்டை. இவர்கள்தான் பாரின் ஆட்கள். பாட்டுச் சத்தத்தை வைத்து வேலியில் தேடி இரண்டு பேரைப் பிடித்து வந்து, அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் விட்டிருந்தேன்.

காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் ராத்திரி அப்பா எங்கள் பள்ளிக்கூட டீச்சர் வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். ஒரு பர்லாங் நடந்து போய் நாங்கள் காத்திருப்போம். மூன்று வெள்ளிக்கிழமையாக போன் வரவில்லை. "லைன் கிடைச்சிருக்காது" என்று டீச்சர் சொல்வார். அம்மா தலையாட்டுவாள். திரும்பும் வழியில் டார்ச் வெளிச்சம் மட்டும் முன்னால் போகும்.

மாமா, அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தபோது என் ஆராய்ச்சியை அவரிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"எல்லாம் சரிதான் மக்கா. ஆனா ஒண்ணு, வாலுல வாள் வச்சிருக்கத பாத்திருக்கியா?"

"இல்லியே மாமா."

"பாக்கப்பிடாது. அது வீட்டுக்குள்ள வந்தா அங்க உள்ள ஆளுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அறுந்து போச்சுன்னு அர்த்தம். கேட்டியா?"

சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு அது சாப்பாட்டுக்கு நடுவே ஒரு தமாஷ்.

நாலாவது வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தேன். சுவரில் அப்பா அம்மா கல்யாணப் போட்டோ. அதன் சட்டத்தில், சரியாக அப்பாவின் தலைக்கு மேலே, உட்கார்ந்திருந்தது. பச்சை. நீளக் கொம்பு. வாலில் சற்றே வளைந்து மேல்நோக்கி ஒரு வாள். இரண்டு இறக்கையிலும் எதிரெதிரே ஒவ்வொரு கரும்பொட்டு. சாவுக்குறி என்பது எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

அடுத்து நான் காட்டிய வீரத்தைச் சொல்கிறேன். புத்தகப்பையை எறிந்துவிட்டுக் கட்டிலில் ஏறினேன். பாதுகாப்புக்குச் சொளவை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். முறத்தால் தடுக்கிற அளவுக்குத்தான் அந்த ஆபத்து என்றால் எதற்குப் பயப்பட வேண்டும் என்ற கேள்வி எழவில்லை. பிறகு சட்டச் சிக்கல். பச்சையாக இருப்பதால் விரட்டக் கூடாது, விரட்டினால் அப்பா வரமாட்டார். விரட்டாவிட்டால் அப்பா இல்லவே இல்லை. வெட்டுக்கிளி ஒரு கொம்பை மெதுவாக என் பக்கம் திருப்பியது. அலறிக்கொண்டு வெளியே ஓடி, வாசற்படியில் குடையை விரித்து அதற்குள் உட்கார்ந்துவிட்டேன். மழை இல்லை. மேகம்கூட இல்லை.

அம்மா வந்தபோது இருட்டிவிட்டது.

"ஏலே, எதுக்குலே குடையப் பிடிச்சுட்டு இருக்க? விளக்குகூடப் போடாம?"

"அப்பா செத்துப்போச்சும்மா."

அவள் கையிலிருந்த தூக்குப் பாத்திரம் கீழே விழுந்தது. "யாருலே சொன்னது? டீச்சர் வந்தாவளா?"

"வெட்டுக்கிளி வந்துச்சு. வாளோட."

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. உள்ளே போய் விளக்கைப் போட்டாள். போட்டோவை அண்ணாந்து பார்த்தாள். நான் குடைக்குள்ளிருந்தே மாமா சொன்னதைச் சொன்னேன். அழுகையில் பாதிதான் வெளியே வந்தது.

"அவன் வரட்டும். வாய இழுத்து வச்சுத் தைக்கேன்" என்றாள். பிறகு கை கழுவப் போனாள். சாம்பல் போட்டு, தேங்காய் எண்ணெய் போட்டு, வழக்கத்தைவிட ரொம்ப நேரம் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் டீச்சர் வீட்டுக்குப் போனோம். போன் வரவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அது சட்டத்தில் அப்படியே இருந்தது. "பேடிக்காத, அதப் பாத்துட்டே உறங்கு" என்றாள். வெளியே ரப்பர் தோட்டத்தில் நீளக் கொம்பர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். இந்த வீட்டில் பயப்படுகிற ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. அப்பாவைப் பாலைவனத்துக்குள் வேறு வேலையிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே போன் இல்லை, அவ்வளவுதான். "என்ன உண்டு மக்கா?" என்றார். நான் ரிசீவரை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா ரிசீவரை வாங்கி, "ம்" என்றாள். மறுபடி "ம்" என்றாள்.

இன்று என் நாகர்கோவில் வீட்டு ஜன்னல்களில் கொசுவலை. எப்போதாவது ஒரு நீளக் கொம்பன் அதில் வந்து ஒட்டிக்கொள்வான். நான் சொளவைத் தேடுவதில்லை. வாலில் இருப்பது வாள் அல்ல என்பது தெரியும். பெண் பூச்சி முட்டையிடும் உறுப்பு அது, ஆணுக்குக் கிடையாது. பாடுவது ஆண். பாட்டைக் கேட்டுத் தேடிப் பிடித்த எனக்கு அதனால்தான் ஆண்களே அகப்பட்டார்கள். வாள்காரி நான் கொண்டுவந்தவள் இல்லை.

அந்த வகையில் எத்தனையோ பார்த்துவிட்டேன். எதன் இறக்கையிலும் கரும்பொட்டு கிடையாது. அது அண்டிக் கறை, முந்திரி ஓட்டு எண்ணெய். முந்தின நாள் சாயங்காலம் ரப்பர் தோட்டத்து வழியாக வந்த அம்மா, கை கழுவும் முன்னால், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அதைப் பிடித்து, என்னைப் போலவே, எனக்குத் தெரியாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறாள்.