கிரனாடாவில் கத்தரிக்காய்

கிரனாடா, மத்தியானம் இரண்டரை மணி. குடிக்க எதைக் கேட்டாலும் கூடவே ஒரு சின்னத் தட்டுச் சாப்பாடு இலவசமாக வரும் என்பது இந்த ஊர் வழக்கம். கடையின் கூரையில் உப்பிட்ட பன்றித் தொடைகள், மடித்த குடைகள் மாதிரி வரிசையாகத் தொங்குகின்றன.

டொரொண்டோவில் நானும் மனைவியும் சொல்லிவிட்டு வந்தது, விட்பியில் மச்சாள் வீட்டுக்குப் போகிறோம் என்று. ஊரில் சண்டை முடிந்து இரண்டு கிழமைதான். டிக்கெட்டோ ஜனவரியில் எடுத்தது, மாற்ற முடியாது.

“எந்த நாடு?” என்று கேட்கிறான் பரிமாறுகிறவன்.

“கனடா.”

“உள்ளே இன்னொரு கனடாக்காரர் இருக்கிறார். உங்கள் நிறம்தான்.”

எட்டிப் பார்க்கிறேன். பாலா அண்ணை! டொரொண்டோ மல்வேர்னில் எங்கள் கட்டடத்து ஆட்களைக் கூட்டி வைத்து, சண்டையில் செத்த சனத்துக்காக முப்பத்தோராம் நாள் வரை ஒருவரும் மச்சம் மாமிசம் தொடக்கூடாது, உல்லாசம் கூடாது என்று அறிவித்த அதே மனிதர். வாய் நிறையப் பன்றி.

“உது கத்தரிக்காய்,” என்கிறார்.

“ஓம் அண்ணை. நாங்களும் விட்பியிலதான் நிக்கிறம்.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய போன் கிடக்கிறது.

“உங்கட தங்கச்சியின்ர பேர் அகதி முகாம் லிஸ்ற்றில வந்ததோ அண்ணை?”

“இன்னும் இல்லையடா. முகாமில தேடிப் பாத்திட்டு இண்டைக்குப் போன் எடுக்கிறம் எண்டவங்கள்.”

போன் அடிக்கிறது. அண்ணை வாயிலிருந்ததைக் கடதாசியில் துப்பி, உதட்டைத் துடைத்துவிட்டுத்தான் அதை எடுக்கிறார்.